கெத்தில் கரைக்கு வரவேண்டிய சிறுகிழங்கு

கெடா மாநிலத்தின் பாலிங் மாவட்டத்தில், மூடா நதியோடு கெத்தில் ஆறு சங்கமிக்கும் கோலா கெத்தில் பட்டணத்தையும், அதைச் சூழ்ந்து முன்னே பால்மரமும் இப்போது செம்பனையும் மண்டிய தோட்டங்களையும் அறிந்தவர்களிடம், தமிழரின் கிழங்கு எது என்று கேட்டால் தயங்காமல் மரவள்ளியையே சொல்வார்கள். அது நியாயமே. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியது முதல் 1945 வரை, அரிசிக்குத் தவித்த தோட்ட ஜனங்களின் பிராணனைக் காத்தது அந்தத் தென்னமெரிக்கக் கிழங்குதான். ஆயினும், ருசியிலும் வாசனையிலும் அதைக் காட்டிலும் சிரேஷ்டமானதும், ஆப்பிரிக்காவில் பிறந்து நெல்லைச் சீமையின் பொங்கல் படையலிலே ஸ்தானம் பெற்றதுமான சிறுகிழங்கு, நம் கொல்லைகளில் இன்னும் வேரூன்றாதிருப்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

இது துளசியின் வம்சம். குழந்தைகளின் சளிக்கென்று வாசலில் வளர்க்கிறோமே, அந்தக் கற்பூரவள்ளிக்கு மிக நெருங்கிய உறவு. சதுரத் தண்டும் கசக்கினால் மணக்கும் இலையும் அதற்குச் சாட்சி. வட கானாவிலும் புர்கினா ஃபாசோவிலும் நைஜீரியாவிலும் குடியானவர்கள் இதைப் பரம்பரையாகப் பயிரிட்டு வருகிறார்கள். இதன் சகோதர இனமொன்று, டேவிட் லிவிங்ஸ்டனின் பெயரைத் தாங்கி, நைஜீரியாவின் ஜோஸ் பீடபூமி முதலான பிரதேசங்களில், விரல்போல் நீண்ட கிழங்குகளுக்காகவே வளர்க்கப்படுகிறது. சமுத்திரம் கடந்து வந்த சிறுகிழங்கையோ கேரளத்தார் கூர்க்கா என்றும், சிங்களவர் இன்னல என்றும், மலாய்க்காரர் உபி கெமிலி என்றும் அழைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

இதைச் சமைக்கப் பொறுமை வேண்டும். மண்ணோடு வந்த கிழங்குகளை நீரில் ஊறவைத்து, சாக்கிலே கட்டிக் கல்லில் அடித்தோ சொரசொரப்பான தரையில் தேய்த்தோ தோலை உரிக்கவேண்டும். விரல்களில் ஏறும் கறை எளிதில் போகாது. ஆனால் தேங்காயும் மிளகாயும் சேர்த்துப் பொரியலாக்கி இலையில் வைக்கும்போது எழுகிற அந்த மண்வாசனை கலந்த நறுமணம், உருளைக்கிழங்குக்கு வாய்த்ததேயில்லை.

இப்பயிரின் விசேஷமும் பலவீனமும் ஒன்றே: பூத்தாலும் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. முன்வருஷத்துக் கிழங்கை நாற்றங்காலில் முளைக்கவிட்டு, கொடியின் நுனியைக் கிள்ளி நட்டால்தான் அடுத்த போகம். ஆகவே ஒரு வருஷம் நடத் தவறினால் அந்தக் குடும்பத்தில் அதன் சந்ததியே அற்றுப்போகிறது. திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தோன்றிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ தாரா' என்னும் உயர்ந்த ரகத்தைத் தந்திருக்கிறது. என்றாலும் ஆராய்ச்சிசாலை எத்தனை ரகங்களைத் தந்தபோதிலும், வருஷந்தோறும் கொடியைக் காப்பாற்றுவது குடியானவனின் கையிலேதான் இருக்கிறது. லயத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த நம்மவருக்குக் கொல்லையே இல்லாமற்போனது, இவ்விஷயத்தில் எளிதில் ஈடுசெய்ய முடியாத நஷ்டம்.

இருப்பினும் வழி அடைந்துவிடவில்லை. ஊரிலிருந்து விதைக்கிழங்கைப் பெட்டியில் கொண்டுவர அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்தச் சிரமமும் அவசியமில்லை. மலாய்ப் பெண்கள் சந்தையிலே விற்கும் கெமிலி இதே கிழங்குதான். அதில் திரண்ட சிலவற்றை நிழலில் முளைக்கவிட்டு, தண்ணீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் ஆகஸ்டுக்குள் கொடி நட்டால், நான்கைந்து மாதத்தில், தைப்பொங்கலுக்கு முன்னரே, தோண்டி எடுக்கலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இதற்கு வேண்டிய நிலம் இன்னும் இருக்கிறது.