மெதுவாகச் சுற்றிய ஃபேன்

மதுரையில் எங்கள் கூடத்து ஃபேன் சித்திரை வெயிலில் தள்ளாடத் தொடங்கியது. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் காற்றில்லை. "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார் கடைக்காரர். அப்பா வாங்கிய ஃபேன். எனக்கு மனசு வரவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி மெயினை அணைத்து, மோட்டாருக்கு மேலிருந்த கிண்ணத்தைத் தளர்த்தி, 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை மாற்றினார். பழைய வேகம் வந்துவிட்டது!

மோட்டாருக்குச் சுழலும் உந்துதல் கிடைக்க உதவுவது அந்தச் சின்னப் பொருள்தான். நாளாக ஆக அதன் திறன் தேயும், இறக்கையின் வேகமும் குறையும். ஃபேனைத் தூக்கிப் போடுமுன் கண்டென்சரைப் பாருங்கள்.

புதிதாக வாங்குவோர் வாட்டைக் கேளுங்கள். பழைய வகைச் சாதாரண ஃபேன் சுமார் 75, பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 30 சொச்சம்தான். இன்னொன்று: ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி நம் உடம்பைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அணைத்துவிடுங்கள்.