நீலம் வராத காலத்துத் திரை

மார்க்கம் கோ நிலையத்தில் ரயிலேறி ரொறொன்ரோ யூனியனில் இறங்கி, ஸ்கைவோக் வழியே கொஞ்சம் நடந்தால் ரோஜர்ஸ் சென்டர் வந்துவிடும். நம்மவர்களில் பலருக்கு அது 2013 பெப்ரவரியில் இளையராஜா கச்சேரி செய்த இடம். பிள்ளைகளுக்கு புளூ ஜேஸ் பேஸ்போல் விளையாடும் மைதானம். 1989 ஜூன் 3ஆம் திகதி அது ஸ்கைடோம் என்ற பெயரில் திறக்கப்பட்டபோது, திறந்து மூடும் கூரையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எனக்கென்னவோ கூரையை விட உள்ளே இருந்த திரைதான் பெரிய அதிசயமாகப் படுகிறது. சோனி செய்த ஜம்போட்ரோன்: 110 அடி அகலம், 33 அடி உயரம், விலை ஒரு கோடியே எழுபது இலட்சம் அமெரிக்க டொலர். நிரந்தரமாகப் பூட்டப்பட்ட ஜம்போட்ரோன்களில் அதைவிடப் பெரியது வேறு இருக்கவில்லை.

அதே ஆண்டு கனடியப் பல்கலைக்கழக ஃபுட்போலின் இறுதி ஆட்டமான வனியர் கிண்ணமும் அங்கேதான் நடந்தது. (நாம் ஊரில் ஆடிய உதைபந்தாட்டம் அல்ல, முட்டைவடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது.) ஒன்ராறியோவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் சஸ்கச்சுவானைத் தோற்கடித்தது. மாணவர்களின் ஆட்டத்துக்கு உலகின் ஆகப் பெரிய திரைகளில் ஒன்று கிடைத்த நாள் அது.

அந்தத் திரையில் எத்தனை புள்ளிகள் இருந்தன தெரியுமா? அகலவாட்டில் 672, உயரவாட்டில் 200, பெருக்கினால் 1,34,400. இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் சாதாரண முழு எச்.டி. தொலைக்காட்சியில் இருபது இலட்சத்துக்கு மேல். அப்படியானால் ஸ்கைடோம் திரையில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஐந்து சென்ரிமீற்றர். மூன்று விரல் அகலத்துக்கு ஒரு புள்ளி! கிட்டப் போய் நின்றால் முகமும் தெரியாது, பந்தும் தெரியாது. வெளிச்சப் பொட்டுகள்தான் தெரியும்.

ஆனால் யாரும் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை. நல்ல பார்வையுள்ள கண்ணால், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி வரைக்கும்தான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். ஒரு மீற்றர் தூரத்தில் அது 0.3 மில்லிமீற்றர். ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி கண்ணுக்கு மறைய ஏறக்குறைய 170 மீற்றர் தள்ளிப் போகவேண்டும். ஸ்கைடோமில் பேஸ்போல் துடுப்பாளர் நிற்கும் இடத்திலிருந்து நடுமைதானச் சுவர் 400 அடி, அதாவது 122 மீற்றர். அவருக்குப் பின்னால் மேல்வரிசையில் இருப்பவருக்கு இன்னும் தூரம். அவருக்குப் புள்ளிகள் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். படம் அசைகிறபோது கண் மிச்சக் குறையையும் மன்னித்துவிடும். திரைக்குப் பக்கத்தில் இருப்பவர் பாவம்தான்.

அந்தப் புள்ளிகள் எதனால் ஆனவை? இன்றைய எல்.ஈ.டி. அல்ல. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் உறவுக்காரச் சிறு வெற்றிடக் குழாய்கள் அவை. வீட்டுப் பெட்டியில் எலெக்ட்ரோன் கதிர் வரிவரியாக ஓடிப் படம் வரையும். இங்கே ஓட்டம் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலப் பொசுபர் பூச்சுகளின் மேல் எலெக்ட்ரோன்கள் மொத்தமாகக் கொட்டும். பாரம் அதிகம், சூடும் அதிகம்.

எல்.ஈ.டி. அப்போது இல்லாமல் இல்லை. 1962இலேயே நிக் ஹொலொன்யாக் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சிவப்பு ஒளியை எடுத்துவிட்டார். கணிப்பான்களிலும் கைக்கடிகாரங்களிலும் சிவப்பு இலக்கங்கள் எரிந்தன. மஞ்சளோடிய பச்சையும் வந்தது. வராமல் இழுத்தடித்தது நீலம். நீலம் இல்லையென்றால் வெள்ளை இல்லை, வானம் இல்லை, மனிதத் தோலின் நிறம் சரியாக வராது. மூன்றில் ஒன்று குறைந்ததால் எல்.ஈ.டி.யில் வண்ணப் படமே இல்லாமல் போன முப்பது ஆண்டுகள் அவை.

நீலத்துக்குச் சிவப்பை விட அதிக ஆற்றல் தேவை. அதைத் தரக்கூடிய பொருள் காலியம் நைட்ரைட்டு. அந்தப் படிகத்தை வளர்ப்பதற்கு அதே அளவு அணு இடைவெளி கொண்ட தளம் சரியாக வாய்க்கவில்லை. நீலக்கல்லின் மேல் வளர்த்தார்கள். அளவு பொருந்தாத ஓடுகளை வேய்ந்த கூரை மாதிரி எங்கும் வெடிப்பு. ஜப்பானின் நகோயாவில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமனோவும் 1986இல் நடுவே மெல்லிய அலுமினியம் நைட்ரைட்டுப் படலம் ஒன்றை இட்டு, நல்ல படிகத்தை வளர்த்துவிட்டார்கள். அடுத்த முடிச்சு மக்னீசியம். எல்.ஈ.டி.யின் நேர்முனைப் பக்கத்துக்கு அதைச் சேர்க்கவேண்டும், சேர்த்தும் பலனில்லை. எலெக்ட்ரோன் கதிரைப் பாய்ச்சியபோது திடீரென்று வேலை செய்தது. படிகம் வளரும்போது உள்ளே புகுந்த ஐதரசன் மக்னீசியத்தைப் பிடித்து வைத்திருந்தது என்பதும், கதிர் அந்தப் பிடியை விடுவித்தது என்பதும் பிறகுதான் விளங்கின. சூடாக்கினாலே போதும் என்று காட்டியவர் ஷூஜி நகமுரா.

கதிரைப் பாய்ச்சி அகசாகியும் அமனோவும் வெற்றி கண்ட ஆண்டு 1989. ஸ்கைடோம் திறந்த அதே ஆண்டு. இங்கே வெற்றிடக் குழாய்த் திரைக்குக் கோடிக்கணக்கில் கொட்டிக்கொண்டிருக்க, அந்தத் தொழிலுக்கு முடிவு கட்டப்போகிற பொருள் நகோயாவில் மினுங்கத் தொடங்கிவிட்டது. 1993இல் நகமுரா, தான் வேலை செய்த நிச்சியா கம்பனியில், வெளியில் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தார். கம்பனி கொடுத்த வெகுமதி 20,000 யென் என்பது பிறகு வழக்காடு மன்றம் வரை போன கதை. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு.

ரோஜர்ஸ் நிறுவனம் கட்டடத்தை வாங்கிய பிறகு, 2005இல் ஜம்போட்ரோன் இறக்கப்பட்டு டாக்ட்ரோனிக்ஸ் கம்பனியின் எல்.ஈ.டி. திரை ஏறியது. அந்தக் கம்பனியே பல்கலைக்கழக வளவில் பிறந்ததுதான்: 1968இல் தென் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர்கள் இருவர் தொடங்கியது. 2015இல் அலபாமாவின் ஓபர்ன் பல்கலைக்கழக மைதானத்தில் 190 அடி அகலமும் 57 அடி உயரமுமான திரையை நிறுத்தியதும் அவர்களே. அமெரிக்கர்களுக்குக் கல்லூரி ஃபுட்போல் கோயில் திருவிழா.

நம் பக்கம் அளவுகள் சின்னவை. புளோர் வீதியிலுள்ள ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் வார்சிட்டி மைதானத்தில் இருக்கைகள் ஏறக்குறைய 5,000 மட்டுமே. இப்படிப்பட்ட இடத்துக்குப் புதுத் திரை வாங்கினால் எந்த இடைவெளியில் புள்ளி வேண்டும்? கனடிய ஆடுகளம் இரு முனைப் பகுதிகளையும் சேர்த்து 150 யார், 137 மீற்றர். திரை ஒரு முனையில் நிற்கும். பத்து மில்லிமீற்றர் இடைவெளி 35 மீற்றரிலேயே கண்ணுக்கு மறைந்துவிடும். அதற்குள் இருப்பவர்கள் கொஞ்சப் பேர். நான்கு மில்லிமீற்றருக்குப் போனால் அதே பரப்பில் புள்ளிகள் ஆறு மடங்கு, பணமும் ஏறும், பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியாது. விற்பனையாளர் காட்டும் படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது; அதை அவர் மூன்று மீற்றரில் வைத்தல்லவா காட்டுகிறார்!

அந்தக் காசைக் கறுப்பில் போடலாம் என்பேன். எல்.ஈ.டி. திரைக்குக் கறுப்பு நிறம் போடத் தெரியாது. விளக்கை அணைக்க மட்டுமே தெரியும். செப்டம்பர் சனிக்கிழமைப் பகலில் சூரியன் நேரே அடித்தால், அணைந்த புள்ளியும் சாம்பலாகத் தெரியும், படம் வெளிறும். அதற்காகத்தான் வெளித்திரைகளில் ஒவ்வொரு வரிசைக்கும் மேல் தொப்பி விளிம்பு மாதிரி சிறு கறுப்புத் தகடு வைத்திருக்கிறார்கள். இடைவெளியெல்லாம் மினுக்கமில்லாத கறுப்பு. பிரகாசமும் வேண்டும். அதை அளக்கும் அலகு நிட்: வீட்டுத் தொலைக்காட்சிக்குச் சில நூறு நிட் போதும், வெயிலில் நிற்கும் திரைக்கு 5,000 நிட்டும் அதற்கு மேலும். இரவு ஆட்டத்தில் அதே பிரகாசத்தை விட்டுவைத்தால் கண் கூசும் என்பதால் வெகுவாகக் குறைப்பார்கள்.

குறைக்கும் விதமும் ஒரு கண்கட்டு. மின்சாரத்தைக் குறைப்பதில்லை, ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை அணைத்து ஏற்றுகிறார்கள். அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட, கண்ணுக்கு மங்கலாகப் படும். கமரா அப்படி ஏமாறாது. மார்க்கம், ஸ்காபரோ மண்டபங்களில் அரங்கேற்றத்துக்கும் கலியாணத்துக்கும் மேடைக்குப் பின்னால் எல்.ஈ.டி. சுவர் நிறுத்துகிறார்களே, அதைக் கைத்தொலைபேசியில் எடுத்தால் சில வேளை கறுப்புப் பட்டிகள் ஓடும். தொலைபேசிக் கமரா படத்தை வரிவரியாகப் பதியும்போது சில வரிகள் விளக்கு அணைந்த கணத்தில் மாட்டிக்கொள்கின்றன. படப்பிடிப்பாளர் ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

அந்தச் சுவரைக் கிட்டப் பார்த்தால் அரை மீற்றர்ச் சதுரத் தட்டுகளாகப் பூட்டியிருப்பது தெரியும். மைதானத் திரையும் அதேபோலத் துண்டுதுண்டுதான். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றிப் புதிது போடலாம். சிக்கல் என்னவென்றால், எல்.ஈ.டி. எரிய எரிய மங்கும், மூன்று நிறமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஆறு வருடம் எரிந்த திரையில் புதுத் துண்டைப் பூட்டினால் அது மட்டும் பளிச்சென்று துருத்தும். கமராவால் புள்ளி புள்ளியாக அளந்து, புதியதைப் பழையதன் அளவுக்கு இறக்கிச் சரிசெய்வார்கள். ஆனால் தொகுதிக்குத் தொகுதி நிறமும் சற்று மாறும் என்பதால், திரை வாங்குகிற அன்றே, அதே உற்பத்தித் தொகுதியில் இருந்து உதிரித் துண்டுகளையும் சேர்த்து வாங்கி அறையில் வைத்துவிடுவது வழக்கம். பின்னால் கேட்டால் அந்தத் தொகுதி கிடைக்காது.