மாட்டுக் கயிற்றுக்குக் காவல் முடிச்சு

தோட்டப்புறங்களில் மாடு வளர்ப்போர், அதன் கழுத்தில் சுருக்கு விழாத கண்ணியையே இடவேண்டும் என்பதை நன்கறிவர். அதற்கேற்ற முடிச்சைச் சாரணர்கள் ‘போலைன்’ என்பர். மலாய்மொழியில் அது ‘சிம்புல் திண்டே காசே’. நீண்ட கயிற்றில் சிறு வளையமிட்டு, நுனியைக் கீழிருந்து அதனுள் ஏற்றி, நீண்ட கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, மீண்டும் அவ்வளையத்துள் இறக்கினால் முடிச்சு அமையும். எவ்வளவு இழுத்தாலும் கண்ணி சுருங்காது. பின்னர் எளிதில் அவிழ்க்கலாம்.

இழுவையில் உறுதியாக நிற்கும் இம்முடிச்சுக்குத் தொய்வில்தான் கேடு வருகின்றது. மாடு படுக்கும்போதும் எழும்போதும் கயிறு தொய்ந்து தொய்ந்து விறைக்கின்றது. தேங்காய் நார்க் கயிற்றின் சொரசொரப்பு நைலான் கயிற்றில் இல்லை. ஆகவே நுனி சிறிது சிறிதாக உருவிக்கொள்கின்றது. இரவில் மாடு சாலைக்கு வந்துவிட்டால், மாட்டுக்கு மட்டுமன்றி, மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் உயிராபத்தாகும்.

இதனைத் தடுக்கும் மூன்று முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, எஞ்சிய நுனியைக் கண்ணியின் பக்கக் கயிற்றில் இருமுறை சுற்றி, அச்சுற்றுகளுக்குள் நுழைத்து இறுக்குவது. இதில் பிழை நேர்வது அரிது. எனினும், மூல முடிச்சு தளர்வதை இது தடுப்பதில்லை. நுனி முழுதும் வெளியேறுவதையே தடுக்கின்றது.

இரண்டாவது, தொடக்கத்தில் இடும் சிறு வளையத்தை இரண்டாக இடுவது. நுனியைக் கவ்வும் பிடி மிகுகின்றது, அவிழ்ப்பதும் எளிதே. ஆயினும் விறைப்பான கயிற்றில் இதுவும் தளரக்கூடும்.

மூன்றாவது, மலையேறுவோர் கையாளும் ‘யோசெமிட்டி’ முறை. நுனியைக் கண்ணியின் பக்கக் கயிற்றில் சுற்றி, முடிச்சினூடே மேலேற்றி, நீண்ட கயிற்றை ஒட்டி வெளியே எடுக்கின்றனர். இது கச்சிதமானது. ஆனால், முடிச்சை இறுக்குமுன் நுனியை இழுத்துவிட்டால் அமைப்பே புரண்டு, கண்ணி சுருக்காக மாறக்கூடும். கழுத்துக் கயிற்றுக்கு இம்முறை வேண்டா.

எனவே, இரட்டை வளையமிட்டு, நுனியை முதல் முறைப்படி பக்கக் கயிற்றில் கட்டுவதே நமக்கு ஏற்றது. கட்டியபின்னும் நுனி நான்கு விரற்கடை எஞ்சியிருத்தல் வேண்டும். கழுத்துக்கும் கண்ணிக்கும் இடையே கை நுழைய வேண்டும். எம்முறையாயினும், மாலைதோறும் ஒருமுறை இழுத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் மீண்டும் கட்டுதல் நன்று. அதற்கு ஒரு நிமிடம் போதும். இரவு முழுதும் அச்சமின்றி உறங்கலாம்.