பைன் அழகியை இனங்காணுதல்

தோழியரே, பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள்! ஐரோப்பாவின் பைன் மரக் காடுகளில் வாழும் 'பைன் பியூட்டி' என்னும் அந்துப்பூச்சி, பெயரளவில் அழகி, பசியிலோ அரக்கி. பனோலிஸ் ஃப்ளாமியா என்பது அதன் விஞ்ஞானப் பெயர்.

இது ஆந்தை அந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரவில் விளக்கொளி பட்டால் இக்குடும்பத்துப் பூச்சிகளின் கண்கள் ஆந்தையின் கண்களைப் போல மின்னும். இவற்றுள் பலவற்றின் முன்சிறகில் வட்டமாக ஒன்றும், சிறுநீரக வடிவில் ஒன்றுமாக இரண்டு புள்ளிகள் இருக்கும். பைன் அழகியின் முன்சிறகு செம்பழுப்பு நிறமுடையது. அதில் அவ்விரு புள்ளிகளும் வெண்மையாய் எடுப்பாகத் தெரியும். சிறுநீரகப் புள்ளி, சிறகின் வெளிப்புறமாக இழுத்துவிட்டாற்போல நீண்டிருக்கும். சிறகை விரித்தால் 3 முதல் 4 சென்டிமீட்டர் அகலம். பைன் மொட்டுகளின் நடுவே அமர்ந்துவிட்டால், மொட்டு எது, பூச்சி எது என்று கூறவே இயலாது!

பூச்சியை இனங்காண்பது எளிது. புழுவை இனங்காண்பதுதான் கடினம். பைன் ஊசியிலைகளை உண்ணும் வேறொரு புழுவும் உண்டு. அதுவும் பச்சை நிறந்தான். அதன் உடலிலும் வெள்ளைக் கோடுகள்தாம். ஆனால் அது முழம் போடுவதுபோல் வளைந்து வளைந்து நகரும். அதன் பின்னுடலில் இரண்டு இணைப் போலிக்கால்களே உண்டு. நம் அழகியின் புழுவுக்கோ ஐந்து இணைகள். பக்கவாட்டில் ஆரஞ்சு நிறக் கோடும் ஓடும். காலமும் வேறு. அழகியின் புழு மே முதல் ஜூலை வரை, புதிதாய் விடும் தளிர் ஊசிகளில் தொடங்கித் தின்னும். மற்றதோ பிற்கோடையிலும் இலையுதிர் காலத்திலும் முதிர்ந்த ஊசிகளைத் தின்னும். அதற்குள் அடுத்த ஆண்டின் மொட்டுகள் உருவாகிவிடுவதால், மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது.

ஸ்காட்லாந்தின் சொந்த மரமான ஸ்காட்ஸ் பைனில் இப்பூச்சி வெகுகாலமாக வாழ்ந்தும் அங்கே பெருங்கேடு செய்ததில்லை. வட அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த லாட்ஜ்போல் பைனை, வடபகுதியின் ஈரச் சதுப்பு நிலங்களில் பரவலாக நட்டனர். 1970-களின் பிற்பகுதியில் அத்தோட்டங்களில் இப்புழுக்கள் திரளாகப் பெருகின. மரங்கள் மொட்டையாகி மாண்டன. 1978-இல் விமானத்திலிருந்து மருந்து தெளிக்க வேண்டியதாயிற்று.

புழுக்கள் கோடை முடியுமுன் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிக் குளிர்காலத்தைக் கழிக்கும். அப்போது வனத்துறையினர் மரத்தடிச் சருகைக் கிளறி, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கூட்டுப்புழுக்கள் என எண்ணுவர். வசந்தத்தில், பெண்பூச்சியின் மணத்தை ஒத்த பொருளைப் பொறியில் வைத்து, நாடி வரும் ஆண்பூச்சிகளையும் எண்ணுவர். மருந்து தேவையா, வேண்டாமா என்பதற்கு அந்த எண்ணிக்கையே வழிகாட்டி.