உங்களுக்குத் தெரியுமா? வளைகுடாவில் ஊர்ப்பெயருக்கு என்ன மவுசு!

சவூதி அரேபியாவில் மதுவுக்குப் பொதுவாகத் தடை. ஆனால் மதுவின் ஊர்ப்பெயருக்கு ராஜ மரியாதை! 2005 டிசம்பரில் சவூதி உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தமும் சேர்ந்தே வந்தது. அதன் 23-ஆவது பிரிவு, ஒயினுக்கும் விஸ்கி வகையறாவுக்கும் தனிக் காவல். வேறு ஊர் ஒயினில் 'ஷாம்பெயின் மாதிரி' என்று லேபிள் ஒட்டினாலே தப்பு!

அரிசி, டீ, பேரீச்சைக்கு? அந்தக் கொடுப்பினை இல்லை! அவற்றுக்கு 22-ஆவது பிரிவுதான். வாங்குகிறவர் ஏமாறுவார் என்றோ, அது நியாயமற்ற போட்டி என்றோ நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். குடிக்கிறவனுக்கு ஒரு சட்டம், சாப்பிடுகிறவனுக்கு ஒரு சட்டம்!

எங்களுக்கும் அதே காவல் வேண்டும் என்று இந்தியாவும் இலங்கையும் கொடி பிடித்தன. சரி, பேசலாம் என்று உலக நாடுகள் எழுதிக் கொடுத்தது எங்கே தெரியுமா? கத்தாரின் தோஹாவில்! அது 2001 நவம்பர். இன்னமும் முடிவு வந்தபாடில்லை!

கப்சா, மச்பூஸ், பிரியாணி என்று வளைகுடாவே பாஸ்மதியில்தான் ஓடுகிறது. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த பாஸ்மதி 50 லட்சம் டன்னுக்கு மேல்! பெரிய வாடிக்கையாளர்களில் சவூதியும் ஒன்று.

அந்த பாஸ்மதிக்கு ஊர்ப்பெயர்க் காவலான புவிசார் குறியீட்டைக் கொடுத்தது நம்ம சென்னை கிண்டி அலுவலகம்! ஆண்டு 2016. பாஸ்மதி விளையும் மாநிலங்களின் பட்டியலில் இடமில்லாத மத்தியப் பிரதேசம் சும்மா இருக்குமா? வழக்குக்கு வந்து நின்ற இடம் சென்னை உயர் நீதிமன்றம். 2020இல் தள்ளுபடி. 2021இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சென்னைக்கே அனுப்பியது. நெல் விளைவது வடக்கே, சோறு வேகுவது ரியாத்தில், பஞ்சாயத்து மட்டும் நம்மூரில்!

அமீரகத்தின் 2021 வணிகக்குறிச் சட்டத்தில் புவிசார் பெயர்களுக்கும் இடம் உண்டு. அது மட்டுமா? ஒலியைக்கூடப் பதிவு செய்யலாம். வாசனையையும்! (துபாய் தேரா அத்தர் கடைக்காரர்கள் கவனிக்க.)

காஷ்மீர் குங்குமப்பூ 2020இல் குறியீடு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அமீரகச் சந்தையில் அறிமுகம்! உலகிலேயே அதிகம் குங்குமப்பூ விளைவிக்கும் ஈரான் கூப்பிடு தூரத்தில். அதன் வாசலிலேயே போய்க் கடை விரித்த தைரியத்தைப் பாருங்கள்!

மதுரை மல்லிக்குக் குறியீடு 2013இல். 2021இல் அந்த மல்லி துபாய்க்கு விமானம் ஏறியது. துணைக்குச் செவ்வந்தியும் பட்டன் ரோஸும்!

பெயருக்கு மட்டுமல்ல, அசலுக்கும் வளைகுடாவில் மவுசு உண்டு. பஹ்ரைனில் வளர்ப்பு முத்து வியாபாரத்துக்கே தடை! கடல் தானாகக் கொடுத்த முத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

ஓமன் 2021இல் லிஸ்பன் முறையின் ஜெனீவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பதிவான ஊர்ப்பெயருக்கு ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் காவல் கேட்கலாம்! அந்த ஓமனின் தோஃபார் மலைச் சாம்பிராணி இருக்கிறதே, அது உலகப் பிரசித்தம். மரத்தைக் கீறிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாக வடிந்து, காய்ந்து கட்டியாகும். அது கப்பலேறிய பழைய துறைமுகம் கோர் ரோரி. அங்கே இத்தாலிய அகழாய்வாளர்கள் தோண்டியபோது கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து! எழுதியிருந்த பெயர் 'ணந்தை கீரன்'. வயது சுமார் 2,000 ஆண்டு! கீரன் சாம்பிராணி வாங்கப் போனாரா, மிளகு விற்கப் போனாரா, அவருக்கே வெளிச்சம்.

அமீரகத்தில் தேயிலைத் தோட்டம் கிடையாது. ஆனாலும் துபாய் ஜெபல் அலியில் 2005 முதல் ஒரு தேயிலை மையமே நடக்கிறது! பல நாட்டுத் தூளும் அங்கே வந்து, கலந்து, பாக்கெட்டாகிக் கிளம்புகிறது.

அடுத்த முறை துபாய் கராமா பக்கம் போனால் சிலோன் டீ பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். வாள் ஏந்திய சிங்கம் இருக்கிறதா? அந்தச் சிங்க முத்திரை கிடைக்க, கலப்பில்லாத இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். இலங்கையிலேயே பாக்கெட் போட்டிருக்கவும் வேண்டும். அசல் நுவரெலியா தூளே ஆனாலும் சரி, துபாயில் பாக்கெட் போட்டால் சிங்கம் கிடையாது!