பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள்

நம்மவர்கள் கடைக்குச் சாமான் எடுப்பதென்றால் நாலு இடத்தில் விலை கேட்பார்கள். மூடையைக் குத்திப் பார்ப்பார்கள். காப்புறுதி என்று வந்துவிட்டால் மட்டும், தெரிந்த பையன் வந்தான், மச்சானின் கூட்டாளி சொன்னார் என்று காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்து விடுகிறார்கள். வந்தவர் நீட்டிய விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் நாலைந்து எழுத்துகள் இருக்கும். அவை என்ன எழுத்துகள் என்று கேட்பவர் மிகக் குறைவு.

விற்பதற்கான அனுமதி வேறு, படித்துப் பெற்ற தகைமை வேறு. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதிக் கம்பனிகளும் தரகர்களும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு பெற வேண்டும். முகவராக விரும்புபவர் ஓர் ஆரம்பப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அது தேவையான பரீட்சைதான். ஆனால் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவரெல்லாம் மெக்கானிக் ஆகிவிடுவதில்லையே!

நம் நாட்டுக் காப்புறுதித் துறையில் பெரிதாக மதிக்கப்படுவது ஏ.சி.ஐ.ஐ. என்ற பட்டம். 1912இல் அரச சாசனம் பெற்ற லண்டன் சார்ட்டர்ட் இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் வழங்குவது. சான்றிதழ், டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று படிப்படியாக ஏறித்தான் அதைப் பெற முடியும். அதற்கும் மேலே எப்.சி.ஐ.ஐ. இருக்கிறது. அமெரிக்காவில் சி.பி.சி.யூ. என்ற பட்டம் 1942 முதல் உண்டு. இடர் முகாமைக்கென்று ஏ.ஆர்.எம். என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. இந்த லண்டன் பட்டத்தில் ஒரு விசயம்: வருடாந்த அங்கத்துவத்தைப் புதுப்பிக்காதவர் அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போடக் கூடாது. கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இதெல்லாம் கடைக்காரனுக்கு எதற்கு என்று கேட்கலாம். கணக்கொன்று சொல்கிறேன். உங்கள் கடையில் ஒரு கோடி ரூபா சரக்கு இருக்கிறது. கட்டுப்பணத்தைக் குறைக்க எண்ணி 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்கிறீர்கள். தீயில் 20 இலட்சம் ரூபா சரக்கு அழிகிறது. 40 இலட்சத்துக்குத்தானே எடுத்தேன், 20 முழுதாக வரும் என்று நினைப்பீர்கள். வராது. விகிதாசார நிபந்தனையின்படி சரக்கின் பெறுமதியில் நூற்றுக்கு 40 வீதத்தையே நீங்கள் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். ஆகவே நட்டத்திலும் 40 வீதம், அதாவது 8 இலட்சம்தான் கிடைக்கும். கம்பனி ஏமாற்றிவிட்டது என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசுவோம். பொலிசியில் அது எழுதியிருக்கிறது. முறையாகப் படித்தவர் கையொப்பத்துக்கு முன்னரே, “நோன்பு மாதத்தில் உங்கள் சரக்கு எவ்வளவுக்குப் போகும்?” என்று கேட்பார்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. சாதாரண தீக் காப்புறுதியில் கலவரச் சேதம் தானாக அடங்காது. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு மேலதிகக் கட்டுப்பணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் தனி நிதியமே இருக்கிறது. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019இல் மினுவாங்கொடை என்று நமது கடைகள் எரிந்த வரலாறு உள்ள சமூகம் நாம். அப்படியிருந்தும் “அது வேணாம், செலவு கூட” என்று வெட்டிவிடும் வியாபாரி இருக்கிறார், அதைப் பற்றி வாயே திறக்காத முகவரும் இருக்கிறார். வெள்ளமும் அப்படியே, சேர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016 மேயில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முகவர் கம்பனியின் ஆள், தரகர் உங்கள் சார்பில் பேச வேண்டியவர். பெரிய சரக்கு வைத்திருப்பவர்கள் பதிவுபெற்ற தரகரை நாடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

தகாபுல் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.சி.ஐ.ஐ. காப்புறுதி அறிவைக் காட்டும். ஷரீஆ அறிவைக் காட்டாது. அதற்கு பஹ்ரைனிலுள்ள அயோபி நிறுவனம் ஷரீஆ ஆலோசகர், கணக்காய்வாளர் என்ற தகைமையை வழங்குகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். ஆகையால் தகாபுல் கம்பனியில் இரண்டு கேள்விகளையும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள் கூட்டமாகக் கணக்கியல் பக்கமே போகிறார்கள். காப்புறுதிப் பரீட்சைகளின் முதற்படிக்குப் பட்டம் தேவையில்லை. வேலை செய்துகொண்டே எழுதலாம். இலங்கைக் காப்புறுதி நிறுவகமும் கொழும்பில் பாடநெறிகளை நடத்துகிறது. லண்டன் பரீட்சைக் கட்டணம் பவுணில் என்பதால் 2022இல் ரூபா விழுந்த பிறகு சுமை கூடியிருக்கிறது. சில கம்பனிகள் சித்தியடைந்த ஊழியருக்கு அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை அதையும் கேட்டுக்கொண்டு வரட்டும்.