மரப் பலகைகளில் வெனீர் ஒட்டுதல்

வெனீர் ஒட்டுதல் என்பது, உயர்ரக மரத்தை மெல்லிய தகடாகச் சீவி எடுத்து, விலை குறைந்த ஒரு பலகையின் மேல் பசையால் பதிக்கும் தச்சுவேலை முறையாகும். சீவி எடுத்த தகடு வெனீர் எனவும், அதைத் தாங்கும் பலகை அடிப்பலகை எனவும் கூறப்படும். தேக்கு, ரோஸ்வுட், வால்நட், ஓக் போன்ற மரங்களின் வெனீர்கள் அலமாரிக் கதவு, மேசை மேற்பரப்பு, சுவர்ப் பலகை, இசைக்கருவி எனப் பலவற்றில் பயன்படுகின்றன. இன்று சந்தைக்கு வரும் வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது.

வெனீர் போட்ட பொருளைப் 'போலி' என்று ஒதுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இக்கருத்து சரியன்று என்பது விளங்கும். ஒரு கன மீட்டர் தேக்கை 25 மி.மீ. பலகைகளாக அறுத்தால் 40 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். வாள் அறுக்கும்போது தூளாகப் போவதைக் கழித்தால் அதுவும் குறையும். அதே மரத்தை 0.5 மி.மீ. தகடுகளாகச் சீவினால், கழிவைக் கணக்கில் கொள்ளாமல், 2,000 சதுர மீட்டர் வரும். தேக்கு முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ரோஸ்வுட் வகைகளின் பன்னாட்டு வணிகமோ இன்று கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே அரிய மரம் ஒன்றைப் பலருடைய வீடுகளில் காண இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வெனீரை முழு மரம் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

வரலாறு

இக்கலை மிகப் பழமையானது. 1922-இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில், கருங்காலி, தந்தம் ஆகியவற்றின் மெல்லிய தகடுகள் பதித்த பெட்டிகள் கிடைத்தன. தீப்ஸ் நகரில் உள்ள ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரோவியங்களில், தச்சர்கள் நெருப்பின் மேல் பசைப் பானையை வைத்து வேலை செய்வதைக் காணலாம். உரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, மலிவான மரத்துக்கு விலையுயர்ந்த மரத்தைத் தோலாகப் போர்த்தும் பழக்கத்தைப் பற்றிச் சற்று ஏளனமாகவே எழுதியுள்ளார். ஏளனமும் கலையின் வயதை ஒத்ததுதான் போலும்.

தொடக்கத்தில் வெனீர் கைவாளால் அறுக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க் இசம்பார்ட் புரூனெல் போன்றோர் உருவாக்கிய அறுவை இயந்திரங்கள் இவ்வேலையை விரைவாக்கின. பின்னர் அறுப்பதற்குப் பதில் கத்தியால் சீவும் இயந்திரங்கள் வந்தன. அதன்பிறகே தகடு இன்றைய மெல்லிய அளவை அடைந்தது.

தகட்டின் இரு முகங்கள்

மரக்கட்டையை நீரில் ஊறவைத்தோ நீராவியில் வேகவைத்தோ மென்மையாக்கிய பின் இரு முறைகளில் வெனீர் எடுப்பர். கட்டையைச் சுழலவிட்டு, காகிதச் சுருளை விரிப்பதுபோல உரித்து எடுப்பது ஒன்று. பிளைவுட்டின் உள்அடுக்குகள் இவ்வாறு கிடைப்பவை. கட்டையை அசையாமல் பிடித்து, தகடு தகடாகச் சீவுவது மற்றொன்று. அழகுக்கான வெனீர்கள் பெரும்பாலும் இவ்வகையின.

கத்தி மரத்தைப் பிளந்து செல்லும்போது, தகட்டின் கத்தி பட்ட பக்கம் வளைந்து, அதில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகின்றன. இது தளர்முகம், மறுபக்கம் இறுக்கமுகம். தகட்டை இழைக்குக் குறுக்காக மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் வெளியே இருக்கும்போது எளிதாக வளைகிறதோ அதுவே தளர்முகம். கூடுமானவரை தளர்முகத்தைப் பசையில் வைத்து, இறுக்கமுகத்தை வெளியே காட்ட வேண்டும். அடுத்தடுத்துச் சீவிய இரு தகடுகளைப் புத்தகத்தின் இரு பக்கங்கள்போல விரித்து ஒட்டினால் ரேகைகள் கண்ணாடிப் பிம்பமாக அமையும். மிக அழகான இந்த முறையில் ஒரு தகட்டின் தளர்முகம் மேலே வருவதைத் தவிர்க்க முடியாது. எனவே பாலிஷ் போட்ட பின் ஒரு பாதி சற்று இருண்டும் மறு பாதி வெளிறியும் தோன்றலாம். இது தச்சரின் பிழையன்று, ஒளி படும் விதத்தால் வருவது.

பலகை ஏன் வளைகிறது?

புதிதாக இவ்வேலையில் இறங்குவோர் பெரும்பாலும் பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் வெனீர் ஒட்டுகின்றனர். சில நாட்களில் கதவு கிண்ணம்போலக் குழிந்துவிடுகிறது. காரணம் எளியது. பசையிலுள்ள நீரை உறிஞ்சும் வெனீர் அகலவாக்கில் விரிகிறது, அந்நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிறகு உலரும்போது சுருங்க முயல்கிறது. பசை விடாததால் தன்னுடன் பலகையின் முகத்தையும் இழுக்கிறது. தகடு அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ஆனால் இந்த இழுவிசை 18 மி.மீ. பலகையையே வளைக்க வல்லது. இதற்குத் தீர்வு, பின்பக்கத்திலும் அதே தடிமனுள்ள வெனீரை அதே பசையால், இயன்றால் அதே நேரத்தில் ஒட்டுவதாகும். பின்பக்கத்துக்கு விலை குறைந்த மரம் போதும்.

மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. அகலவாக்கில் நன்கு சுருங்கும். எனவே அகலமான முழுமரப் பலகையின் மேல் வெனீரைக் குறுக்காக ஒட்டினால் பருவம் மாறும்போது விரிசல் வரும். அளவு அதிகம் மாறாத எம்.டி.எஃப்., பிளைவுட் ஆகியவை நல்ல அடிப்பலகைகள். பிளைவுட்டில், அதன் மேலடுக்கின் இழைக்குக் குறுக்காக வெனீரின் இழை அமைய வேண்டும்.

பசையைத் தேர்ந்தெடுத்தல்

பழைய தச்சர்கள் பயன்படுத்தியது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கும் வச்சிரம். வச்சிரத் துண்டுகளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்து, சுமார் 60 பாகை செல்சியசில் உருக்குவர். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். மீண்டும் சூடும் ஈரமும் காட்டினால் வச்சிரம் இளகும். இந்தக் குணத்தால்தான் பழைய அறைகலன்களைச் செப்பனிடுவோர் இன்றும் அதை விரும்புகின்றனர்.

இந்தியாவில் இன்று பரவலாகப் புழங்குவது பாலிவினைல் அசிடேட் வகை வெள்ளைப் பசை. 1959 முதல் விற்பனையில் உள்ள ஃபெவிகாலின் பெயரே பலருக்கு மரப்பசையின் பொதுப்பெயராகிவிட்டது. தொழிற்சாலைகளில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையைப் பூசிச் சூடான அழுத்தியில் சில நிமிடங்களில் ஒட்டுகின்றனர்.

இரு பரப்பிலும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்த பின் சேர்க்கும் ரப்பர் வகைப் பசைக்கு அழுத்தியே தேவையில்லை. அதனால் அது ஆசையைத் தூண்டும். மைக்கா ஒட்டுவதற்கு அது ஏற்றது. அரை மில்லிமீட்டர் வெறும் வெனீருக்கு ஏற்றதன்று. அது முழுமையாக இறுகாமல் சற்று நெகிழ்வாகவே இருப்பதால் வெனீர் நகர்ந்து இணைப்புகள் விரிகின்றன. மேலும், பாலிஷில் உள்ள தின்னர் வெனீரின் துளைகள் வழியே இறங்கிப் பசையை இளக்கிக் குமிழ்களை எழுப்புகிறது. நம் கடைகளில் கிடைக்கும் 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 3 அல்லது 4 மி.மீ. வெனீர்ப் பலகையின் கதை வேறு. அதில் வெனீர் ஏற்கெனவே மெல்லிய பிளைவுட்டின் மேல் ஆலையிலேயே ஒட்டப்பட்டிருப்பதால், பணியிடத்தில் தச்சரின் சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது.

ஒட்டும் முறை

அடிப்பலகையில் உள்ள குழிகளை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தகடு எதையும் மறைக்காது. அடியில் உள்ள சிறு மேடும் பாலிஷுக்குப் பின் பளிச்சென்று தெரியும். தேக்கில் இயற்கையாக எண்ணெய்ப் பசை உண்டு; ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுவது நல்லது.

தகடுகளை இணைக்க, இரண்டையும் நேரான இரு சட்டங்களுக்கிடையே இறுக்கி, விளிம்புகளை ஒன்றாக இழைக்க வேண்டும். பிறகு வெளிமுகத்தில் பசைக்காகித நாடாவால் இணைத்து, பலகையைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

பசையை அடிப்பலகையில் மட்டுமே உருளையால் சீராகத் தடவ வேண்டும். வெனீரில் தடவினால் அது உடனே சுருண்டுகொள்ளும். குறைவாகத் தடவினால் ஆங்காங்கே ஒட்டாது. மிகுதியாகத் தடவினால் துளைகள் வழியே மேலே கசிந்து, பின்னர் சாயம் ஏறாத வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். வெயில் காலத்தில் வெள்ளைப் பசை விரைவில் தோல்கட்டும். ஆகவே கிளாம்ப், மேற்பலகை, இடையில் வைக்கும் பிளாஸ்டிக் தாள் அனைத்தையும் எடுத்து வைத்த பிறகே பசை டப்பாவைத் திறக்க வேண்டும்.

அழுத்தத்தை நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கொடுக்க வேண்டும். விளிம்பை முதலில் இறுக்கினால் பசையும் காற்றும் நடுவில் சிறைப்படும். கிளாம்ப் எட்டாத பெரிய பலகைகளுக்கு வெற்றிடப் பை உதவுகிறது. பலகையைப் பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்றின் எடையே அழுத்தியாகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கை வெளியேற்றினால் 8 அடிக்கு 4 அடிப் பலகையின் மேல் ஏறத்தாழ 24 டன் அழுத்தம் விழும். வளைந்த பரப்புகளுக்கும் இது பொருந்தும்.

குமிழும் தேய்ப்பும்

பசை உலர்ந்த பின் விரல் நகத்தால் பரப்பெங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டாத இடம் வெற்றுப் பெட்டிபோல ஒலிக்கும். அங்கே இழையின் போக்கில் கூரிய கத்தியால் சிறு கீறல் இட்டு, ஊசியால் பசையைச் செலுத்தி அழுத்தி வைக்கலாம். வெள்ளைப் பசை சூட்டில் இளகுவதால், பழைய குமிழை மிதமான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் படியவைப்பதும் உண்டு.

பசையின் ஈரம் முழுதும் போவதற்கு முன் தேய்க்கக் கூடாது. இணைப்புகளின் ஓரம் ஈரத்தில் உப்பியிருக்கும். அப்போதே சமமாகத் தேய்த்துவிட்டால், காய்ந்த பின் அவ்விடம் பள்ளமாகிவிடும். நாடாவை நனைத்து எடுத்து, 150, பிறகு 220 எண் உப்புத்தாளால் இழையின் போக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். இயந்திரத் தேய்ப்பானை ஓரிடத்தில் சில நொடிகள் நிறுத்தினாலே வெனீர் தேய்ந்து அடிப்பலகை எட்டிப்பார்க்கும். அதற்கு மருந்து இல்லை; அந்தத் தகட்டையே மாற்ற வேண்டும். விளிம்புகள் இவ்வாறு தேய்ந்துபோகும் ஆபத்து மிகுதி என்பதால் அங்கே இயந்திரம் வேண்டாம். மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளே போதும்.

ரப்பர் வகைப் பசைகளின் ஆவி எளிதில் தீப்பற்றும். மூடிய அறையில், எரியும் அடுப்புக்கோ விளக்குக்கோ அருகில் அவற்றைத் தடவக் கூடாது. மரத்தூளையும் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தேய்க்கும்போது தூளைத் தடுக்கும் முகமூடி அணிவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும் கட்டாயம். நம் பட்டறைகளில் துணியை மூக்கில் கட்டிக்கொள்வதே வழக்கமாக உள்ளது. நுண்தூளை அது தடுக்காது.